கட்டிலோடு ஒரு கட்டு

நோயாளி விழாமலிருப்பதே பாதுகாப்பு என்று நம் மருத்துவமனைகள் செவிலியரைப் பழக்கிவிட்டன. நிமோனியாவுக்காகச் சேர்த்திருந்த, மறதிநோய் முற்றிய எங்கள் அம்மாவின் கைகளை ஓரிரவு காஸ் துணியால் கட்டிலோடு பிணைத்திருந்தார்கள். கேட்டோம். "கீழ விழுந்தா என்னத்தானே கேப்பாங்க" என்றார் செவிலியர். அது கல்நெஞ்சம் அன்று, அச்சம். விழுந்தால் விளக்கம் கேட்பார்கள். கட்டுண்டு கிடந்து படுக்கைப்புண் வந்தால், குழப்பம் மிகுந்தால், எவரும் கேட்பதில்லை. (கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்ட முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்தல்லவா விழுவார்!) ஆள் பற்றாக்குறையை மட்டும் காட்டிக் கட்டிவைக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல நிலையங்களுக்கு விதிக்கிறது, பொது வார்டில் அதை யார் நினைக்கிறார்கள்?

அம்மா எழுந்தது கழிவறை தேடி. சொன்னோம். கட்டை அவிழ்த்து, "பாட்டி, பாத்ரூம் போவமா?" என்று கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார். அவர் பொறுப்பில் அன்று 30 கட்டில்கள்.