இரண்டாவது குரல்

'மேன்ஈட்டர்' பாட்டை நீங்க எங்கேயாவது கேட்டிருப்பீங்க. பேர் தெரியாமலேயே கேட்டிருப்பீங்க. ரீல்ஸ்ல, மாலுக்குள்ள, ஏதோ ஒரு இங்கிலீஷ் படத்துல. பாடினவங்க டேரில் ஹால், ஜான் ஓட்ஸ். 1977-லிருந்து 1984-க்குள்ள அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல ஆறு பாட்டை முதல் இடத்துக்குக் கொண்டு போனவங்க. ஆனா நான் எழுத வந்தது அந்த ஹிட்ஸ் பத்தி இல்ல. எல்லா ஆட்டமும் அடங்கின பிறகு, 2004-ல, ஹாலுக்கு 58, ஓட்ஸுக்கு 56 வயசு இருக்கும்போது வந்த 'அவர் கைண்ட் ஆஃப் சோல்' ஆல்பம் பத்தி. (இந்த 'அவர்' இங்கிலீஷ் 'அவர்', அதாவது 'நம்ம'. தமிழ் எழுத்துல போட்டா வேற யாரோ பெரியவர் மாதிரி ஆயிடுது.)

மொத்தம் 17 பாட்டு. அதுல 14 மத்தவங்க பாட்டு. மூணுதான் சொந்தச் சரக்கு. உடனே என்ன தோணும்? "ஐடியா தீர்ந்துடுச்சு, கவர் பாட ஆரம்பிச்சுட்டாங்க." எனக்கும் அப்படிச் சொல்லித்தான் இந்த ஆல்பம் அறிமுகமாச்சு. ஆனா இந்த ரெண்டு பேரும் எங்கிருந்து வந்தாங்கன்னு தெரிஞ்சா விஷயம் மாறிடும்.

1967, ஃபிலடெல்ஃபியா. ரெண்டு பேரும் டெம்பிள் யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸ். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. அடெல்ஃபி பால்ரூம்னு ஒரு ஹால்ல தனித்தனி பேண்டோட பாட வந்திருக்காங்க. மேடை ஏறுறதுக்குள்ள உள்ள கேங் சண்டை, களேபரம். தப்பிச்சு ஓடி ரெண்டு பேரும் ஏறினது ஒரே சரக்கு லிஃப்ட். நம்ம ஊர் கல்சுரல்ஸ் சண்டையெல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா. அந்த வயசுல அவங்க காதுல விழுந்து ஊறின கறுப்பின மக்களோட சோல் இசையைத்தான் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழிச்சு இந்த ஆல்பத்துல பாடறாங்க. வெள்ளைக்காரங்க சோல் பாடினா அதுக்கு 'ப்ளூ ஐட் சோல்'னு தனிப் பேர் உண்டு. ஹாலுக்கு அந்தப் பேரே பிடிக்காது. தோல் நிறத்தை வச்சு பாட்டைப் பிரிக்கிறது அவருக்கு ஒத்து வராது.

எல்லாமே சூப்பர்னு சொல்ல மாட்டேன். 'ராக் ஸ்டெடி' எனக்குச் சுத்தமா செட் ஆகல. அரீத்தா ஃப்ராங்க்ளின் பாடினதைக் கேட்ட காதுல வேற எதுவும் ஏறாது. 'யூ ஆர் எவ்ரிதிங்'ல வேற மாதிரி குறை. ஸ்டைலிஸ்டிக்ஸ் பாடின 1971 ஒரிஜினலை எடுத்துக் கேளுங்க, ஆரம்பத்துலயே சிதார் மாதிரி ஒரு சத்தம் வரும். அது சிதார் இல்ல, எலக்ட்ரிக் சிதார். கிட்டார்தான், பிரிட்ஜ் மட்டும் தட்டையா இருக்கும். கம்பி அதுல உரசி உரசி அதிரும், அதான் அந்த 'ஜ்ஜ்ஜ்'. தம்பூராவுல நூல் வச்சு ஜீவா சேர்க்கறதும் இதே ஃபிசிக்ஸ்தான். அதைத் தயாரிச்ச தாம் பெல்தான் ஸ்பின்னர்ஸோட 'ஐ'ல் பி அரவுண்ட்' பாட்டையும் 1972-ல செஞ்சார். அது ரெக்கார்டோட பின்பக்கத்துல போட்ட பாட்டு. ரேடியோக்காரங்க திருப்பிப் போட்டு ஹிட் ஆக்கினாங்க. இந்த ஆல்பத்துல ஹால் அதைக் கத்தாம, இழுக்காம, பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி பாடறார். ஆல்பத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

இன்னொண்ணு இருக்கு, 'ஐ கேன் ட்ரீம் அபௌட் யூ'. டேன் ஹார்ட்மன் இதை இவங்க ரெண்டு பேரையும் மனசுல வச்சுத்தான் எழுதினார். அப்போ இவங்க ஆல்பம் ஏற்கனவே முடிஞ்சிருந்தது, எடுத்துக்க முடியல. ஹார்ட்மன் தானே பாடி 1984-ல பெரிய ஹிட் ஆச்சு. 1994-ல அவர் இறந்துட்டார். அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு இவங்க பாடறாங்க. இதை வெறும் கவர்னு எப்படிச் சொல்றது?

இப்போ ஓட்ஸ் கதைக்கு வரேன். பெரிய ஹிட்ஸ்ல பெரும்பாலும் முன்குரல் ஹால்தான். பக்கத்துல மீசை வச்சுக்கிட்டு கிட்டாரோட நிக்கிறவர் ஓட்ஸ். "அவர் என்னதான் பண்றார்?"னு ரொம்ப காலமாவே ஜோக் உண்டு. ஆனா 'மேன்ஈட்டர்' ஓட்ஸ் கொண்டு வந்த ஐடியா. அவர் ரெகே தாளத்துல போட்டிருந்தார், ஹால் தாளத்தை மாத்தினார். 'ஷீஸ் கான்' பாட்டோட பல்லவியும் ஓட்ஸ் கிட்டாரோட கொண்டு வந்து உட்கார்ந்ததுதான். 'ஹால் அண்ட் ஓட்ஸ்'னு ஊரே சொன்னாலும் ஆல்பத்துல ரெண்டு முழுப் பேரும் இருக்கும். டேரில் ஹால், ஜான் ஓட்ஸ். ரெண்டு தனி ஆளுங்க.

அந்த ரெண்டு தனி ஆளுங்கதான் 2023 நவம்பர்ல கோர்ட்டுக்குப் போனாங்க. கூட்டு நிறுவனத்துல தன்னோட பங்கை ஓட்ஸ் வெளியே விற்கப் பார்த்தார், அதைத் தடுக்கணும்னு ஹால் நாஷ்வில்ல வழக்கு போட்டார். லிஃப்ட்ல ஆரம்பிச்சு ஐம்பத்தாறு வருஷம்.

அந்தச் செய்தி தெரிஞ்ச பிறகு 'நெய்தர் ஒன் ஆஃப் அஸ்' கேட்டுப் பாருங்க. க்ளேடிஸ் நைட் பாடினது, இந்த ஆல்பத்துலயும் இருக்கு. முடிஞ்சு போச்சுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், ஆனா முதல்ல சொல்ல ரெண்டு பேருக்கும் வாய் வராது. அதுதான் பாட்டு. 2004-ல அவங்க இதை எதை நினைச்சுப் பாடினாங்களோ, நான் கேட்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஹாஸ்டல் மொட்டை மாடி.

ஏன்னா நானும் ஓட்ஸ்தான். நாலு வருஷமா கல்சுரல்ஸ்ல நீங்க பார்த்த ரெண்டு பேர்ல பாடறவன் அவன். கிட்டார், ரெண்டாவது குரல் நான். "அவன்கூட வாசிப்பியே, நீதானே?"ன்னு கேன்டீன்ல கேட்பாங்க. அதுல எனக்கு வருத்தம் இல்ல, ரெண்டாவது குரல் பாடறது எனக்கு நிஜமாவே பிடிக்கும். ஆனா எங்க சேனல்ல 11 வீடியோ இருக்கு. 9 கவர், 2 சொந்தம். அதுல ஒரு பாட்டோட பல்லவி மெட்டு என்னோடது, சரணமும் வரிகளும் அவனோடது. ஜூலைல அவன் ஹைதராபாத் போறான், நான் கோயம்புத்தூர். பாஸ்வேர்டு ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. அடுத்து என்னன்னு அவனும் கேட்கல, நானும் கேட்கல. ப்ளேஸ்மென்ட், ப்ராஜெக்ட் ரிவ்யூ, மெஸ் சாம்பார், எல்லாம் பேசறோம். இதை மட்டும் பேசறதில்ல.

போன வாரம் ஒரு சீனியர், ஷார்ட் ஃபிலிமுக்கு அந்தப் பாட்டு வேணும்னு அவன்கிட்ட கேட்டிருக்கார். அவன் மெசேஜை எனக்கு ஃபார்வர்டு பண்ணி, "என்னடா சொல்றது?"ன்னு மட்டும் போட்டான். நாலு நாள் அதைத் திறந்து திறந்து மூடினேன். அஞ்சாவது நாள் அனுப்பினேன்: "குடுக்கலாம்டா. ஆனா இசைன்னு வர்ற இடத்துல ரெண்டு பேர் பேரும் வரணும். அப்புறம், ஜூலைக்கு மேல சேனலை என்ன பண்றோம்?"

டைப்பிங்னு வந்தது, நின்னது, திரும்ப வந்தது. கடைசில ஒரு வாய்ஸ் நோட். "பேர் போடாம எப்படிடா? நானே இதை உன்கிட்ட எப்படிக் கேட்கிறதுன்னு இருந்தேன். மாடிக்கு வா."

சேனல் விஷயம் இன்னும் முடிவாகல. ஃபேர்வெல்லுக்கு என்ன பாடறதுன்னு மட்டும் முடிவு பண்ணிட்டோம். 'ஐ'ல் பி அரவுண்ட்'. முதல் பாதி அவன், ரெண்டாவது பாதி நான் முன்குரல், அவன் பின்னாடி. மெயின் ஆடிட்டோரியம், சாயங்காலம் ஆறரை. முன்னாடி வரிசையில உட்காருங்க, பின்னாடி ஸ்பீக்கர் இரையும்.