உடப்பிலிருந்து உராவா வரை

ஒரு பாஷையைத் தாயின் மடியிலிருந்து கேட்டறியாதவன் அதைப் பிறருக்குப் போதிக்கும் உரிமையை எங்கிருந்து பெறுகிறான் என்ற வினா, ஜப்பானிய மொழி கற்பிக்கும் அந்நியர் யாவரையும் தொடர்ந்து வருகிறது. இலங்கையில் முந்தல் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் உடப்பில், கரைவலைக் குடும்பமொன்றிற் பிறந்து, ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் குடியேறி உபாத்தியாயனான என்னையும் அது விட்டபாடில்லை. நான் திருத்திக் கொடுத்த வாக்கியத்தை மாணவன் அடுத்த அறை ஜப்பானிய ஆசிரியையிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு திரும்பும்போதெல்லாம் மனம் நொந்ததுண்டு.

ஆயினும், சுதேசியைப் போலப் பேசிவிடுவதொன்றே இத்தொழிலின் இலட்சியமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். உராவாவில் ஜப்பான் பவுண்டேஷன் 1989ஆம் ஆண்டு நிறுவிய பயிற்சி நிலையம் பிறநாட்டு ஆசிரியர்களுக்கென்றே அமைந்தது. 2024 ஏப்ரலில் அமுலுக்கு வந்த பதிவுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர் தகுதியும் ஜப்பானியருக்கு மட்டும் உரியதன்று. எனினும் சட்டம் தரும் அங்கீகாரம் வேறு, ஆசிரியன் தன்னைத் தான் ஆசிரியனென்று உணர்வது வேறு.

எனக்கு அவ்வுணர்வு வந்தது, 2019இல் ஜப்பான் தொடங்கிய குறிப்பிட்ட திறன் விசாவை நாடும் எங்கள் கரையோரத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கைத்தொலைபேசி வாயிலாகப் பாடம் சொல்லத் தொடங்கிய பின்னரே. இலங்கையில் ஜப்பானிய வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடைபெறுவதால், புதிய பாஷையொன்றை மற்றொரு பாஷையின் வழியே கற்கும் பிரயாசை அவர்களுடையது. ஆகவே தமிழையே வழியாகக் கொண்டேன். காக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியரின் துணையோடு தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் கண்ட உறவை மொழியியலார் பலர் ஏற்கவில்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும், எச்சங்களை வரிசையாகக் கோத்து முற்றுவினையை ஈற்றில் நிறுத்தும் அமைதி இரண்டுக்கும் பொதுவென்பது பிரத்தியட்சம். 'வலையை வளைத்து, கரைக்கு இழுத்து, மீனைப் பிரித்து, கூடையிலிட்டு, வீடு வந்தான்' என்று சொல்லி, ஒவ்வோர் எச்சத்தின் கீழும் ஜப்பானிய வினையின் 'தே' வடிவத்தை எழுதிக் காட்டினேன். கற்பிட்டிப் பிள்ளையொருத்தி, இறாலைக் கழுவி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி விற்றதை நான் கேளாமலே ஜப்பானியத்தில் சொல்லி முடித்தாள். அந்த வழியை அடுத்த அறை ஆசிரியை அவளுக்குக் காட்டியிருக்க இயலாது. கற்றுத் தேறிய பாதை முழுவதும் நினைவிலிருப்பவனுக்கே அது இயலும்.

இப்போது அவர்களுக்கெனத் தமிழிலேயே ஓர் இலக்கணக் கைந்நூல் எழுதி வருகிறேன். தன்னைத் தாழ்த்தியும் எதிரிலுள்ளவரை உயர்த்தியும் வினைச்சொல்லையே மாற்றிவிடும் ஜப்பானிய மரியாதை வழக்குக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் தக்க உதாரணங்கள் அகப்படாமையால், அந்த அத்தியாயம் மட்டும் முற்றுப்பெறவில்லை.