சுண்டக்கஞ்சிப் பானை

இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. கறுக்க வறுத்த பார்லியில் ஸ்டவுட் காய்ச்சிக் காப்பித்தூள் சேர்ப்பதும், ஹாப் பூவால் ஏலுக்குக் கசப்பேற்றுவதும் அங்கே கைப்பக்குவம்.

வடசென்னையில் எங்க ஆயாவுக்கும் கைப்பக்குவம் இருந்தது. சோத்துல வெல்லமும் ஈஸ்ட்டும் கலந்து, பானை வாயைத் துணியால கட்டி வைக்கும். மூணாம் நாள் மோந்து பாத்தே பதம் சொல்லும். அந்தச் சுண்டக்கஞ்சி வித்த காசுலதான் எங்க அடுப்பு எரிஞ்சது. போலீஸ் வந்து பானையை உடைச்சு, ஆயாவைத் தெருவுல இழுத்துட்டுப் போச்சு.

1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இங்கே தனக்கென்று புளிக்க வைத்தாலும் குற்றம். அரசோ 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் பீர் விற்கிறது. குடிச்சு அழிஞ்ச வீடு எங்க தெருவிலும் உண்டு. குடிக்கு நான் வக்காலத்து வாங்கலை. புட்டியில் அடைத்தால் வருமானம், சேரிப் பானையில் புளித்தால் குற்றம் என்றால், சட்டம் தடுப்பது குடியையா, எங்களையா?