மடிப்பு கூடினால் வெளிச்சம்

மலைமேல் இருக்கும் பைல் நாட்டுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஒரு குண்டான் நிறைய வெந்நீர் கேட்டார்கள். "காப்பிக்கா கண்ணு?" என்றார் சமையல்காரம்மா. "இல்லீங்கக்கா, ஆர்.என்.ஏ.வுக்கு" என்றாள் அந்த ஆராய்ச்சி மாணவி. சேந்தமங்கலத்துப் பெண், பெங்களூரு ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். கூட வந்த பையனின் மடியில் பனிக்கட்டிப் பெட்டி. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைக் கீழே வைக்கவில்லை அவன்.

மலைப்பிள்ளைகளுக்கு ஒளிரும் ஆர்.என்.ஏ.வைக் காட்ட வந்திருந்தார்கள். நான் பார்க்க விரும்பியது அந்த இருவரின் கைகளை.

அந்த ஒளிரும் ஆர்.என்.ஏ. ஓர் ஆப்டமர், அதாவது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் சிறிய இழை. அதைப் பொறுக்கியெடுக்கும் வழியை 1990இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. கோடானுகோடி இழைகளைக் கலந்து, பற்றாதவற்றைக் கழுவிவிட்டு, பற்றியவற்றைப் பெருக்கி, திரும்பத் திரும்பச் சலிக்க வேண்டும். 2011இல் நியூயார்க்கில் சமி ஜாஃப்ரியின் குழு, டி.எஃப்.எச்.பி.ஐ. என்ற சாயத்தைப் பற்றும் இழைக்கு 'ஸ்பினாச்' என்று பெயரிட்டது. 2014இல் அதைவிடச் சிறிய 'ப்ராக்கலி' வந்தது. கரைசலில் தனியே இருக்கும் சாயம், தான் வாங்கிய ஒளியை ஆடி அசைந்தே தீர்த்துவிடும். இழையின் மடிப்புக்குள் சிக்கி அசைய முடியாமல் போனால்தான் பச்சையாக ஒளிரும்.

இவர்கள் கொண்டுவந்தது பாதி பாதியாக வெட்டிய ப்ராக்கலி. நியூக்ளிக் அமில நானோ தொழில்நுட்பத்தில் இழைகளைக் கொண்டு முக்கோணம், சதுரம், கூண்டு என்று கட்டுகிறார்கள். கட்டியது கண்ணுக்குத் தெரியாது. ஓர் இழையில் ஒரு பாதியையும் மற்றொன்றில் மறுபாதியையும் வைத்துவிட்டால், இரண்டும் முறையாகச் சேரும்போது மட்டுமே வெளிச்சம் வரும். கட்டுமானம் கூடியதற்கு அதுவே சாட்சி.

"இழை இந்த மலை ரோடு மாதிரித்தாண்ணா, வளைஞ்சு வளைஞ்சு தன்மேலேயே மடியும்" என்றாள். "ஆனா தப்பாவும் மடிஞ்சுக்கும். அதனாலதான் வெந்நீர்." சூட்டில் பழைய மடிப்பெல்லாம் பிரியும், மெல்ல ஆறும்போது சரியான மடிப்பு அமையும். பொட்டாசியம் முதலிலேயே சேர்ந்திருந்தது. மக்னீசியத்தை ஆறிய பிறகே விட்டாள். முன்னால் விட்டுச் சூடாக்கினால் இழை துண்டு துண்டாகிவிடும் என்றாள். எந்த உப்பு எப்போது என்பது அவள் விரலுக்கே தெரிந்திருந்தது.

அந்த விரல்தான் இந்த வேலையின் எதிரியும். மனிதத் தோலில் ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி உண்டு. கையுறையோடு தலைமுடியை ஒதுக்கினால்கூட உறையை மாற்றியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேறொரு நொதியை வைத்து இழையைப் படியெடுத்து, கூழ்த்தகட்டில் ஓடவிட்டு, புற ஊதா வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும் பட்டையைப் பிளேடால் வெட்டி, இரவெல்லாம் ஊறவைத்து, ஆல்கஹாலில் படியவைத்தால், குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு மிஞ்சும். சில சமயம் அந்தப் பொட்டும் தெரியாது. பிப்பெட்டை அழுத்தி அழுத்தி அந்தப் பையனுக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி. தறிக்காரருக்கும் தட்டாருக்கும் நாம் தருகிற கைவினைஞர் என்ற மரியாதை இவர்களுக்கும் உரியது என்று அங்கே உறுதியாகத் தோன்றியது.

பெங்களூருவில் இந்த வேலைக்கு நல்ல மரபு இருக்கிறது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன், பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் டி.என்.ஏ. கருவிகளை உயிருள்ள செல்லுக்குள் செலுத்தி அமிலத்தன்மையை அளந்தார். பிறகு இந்திய அறிவியல் கழகத்தின் சந்தியா விஸ்வேஸ்வரய்யாவோடு சேர்ந்து, செல்லின் சவ்வறைகளில் சுழல் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறை ஒளியால் காட்டும் நியூக்ளிக் அமிலக் கருவியை 2014இல் வெளியிட்டார்.

ஜன்னல்களைச் சாக்கால் மூடினார்கள். நீல விளக்கு, மஞ்சள் கண்ணாடி. ஒரு பாதி மட்டும் இருந்த குழாய் இருட்டாகவே இருந்தது. இரு பாதியும் சேர்ந்த குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் சமையல்காரம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். இன்னொரு குழாயில் மாணவி வேண்டுமென்றே வெறும் விரலை விட்டு எடுத்திருந்தாள். அதில் பச்சை மங்கிக்கொண்டே போனதைத்தான் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் கேட்டாள்: "எங்க ஊத்துத் தண்ணியில கெட்டது இருந்தா இது காட்டுமாக்கா?"

காட்டும் வகை உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் லக்ஸ் குழு 2020இல் வெளியிட்ட சோதனையில், நீரில் ஈயமோ செம்போ இருந்தால் ப்ராக்கலி வகை ஆர்.என்.ஏ. உருவாகி ஒளிரும். கலவையை உறையவைத்து உலர்த்திவிடுவதால், சோதிக்கும் தண்ணீரை ஊற்றினாலே வேலை தொடங்கிவிடும். ஊருக்குக் கொண்டுபோகப் பனிக்கட்டிப் பெட்டி வேண்டாம். பையன் இதைச் சொல்லிவிட்டு, எந்தெந்த ஊற்று, கோடையில் எது வற்றும் என்று அவளிடம் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டான்.