ஸ்ட்ரக்ட்டில் வரிசையும் ஒரு முடிவுதான்

சி மொழிப் பாடநூல்களில் ஸ்ட்ரக்ட் பெரும்பாலும் மாணவர் பதிவேடாகத்தான் அறிமுகமாகிறது. பெயர், எண், மதிப்பெண் மூன்றையும் சேர்த்துக் கட்டினால் பாடம் முடிந்தது. தவறில்லை, ஆனால் போதாது. ஸ்ட்ரக்ட் எழுதுகிறவர் மெமரியில் எந்த பைட் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். 1972-இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸை சியில் எழுத முயன்று கைவிட்டார்; அப்போது சியில் ஸ்ட்ரக்ட் கிடையாது. டென்னிஸ் ரிட்சி அதைச் சேர்த்த பிறகு, 1973 கோடைக்குள் கெர்னல் சிக்கு மாறியது. அது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைய யூனிக்ஸ் டைரக்டரியில் ஒரு பதிவு 16 பைட்: ஐநோடு எண்ணுக்கு 2, கோப்பின் பெயருக்கு 14. டிஸ்க்கில் கிடக்கும் இந்த அமைப்பை நிரலில் அப்படியே எழுதிக்காட்ட ஸ்ட்ரக்ட்தான் தோதானது.

ஒரு சார், ஒரு இன்ட், மறுபடி ஒரு சார் என்று எழுதிப் பாருங்கள். இன்ட் 4 பைட் பிடிக்கும் வழக்கமான கணினியில் தரவு 6 பைட்தான். சைஸ்ஆஃப் 12 என்கும். நான்கால் வகுபடும் முகவரியில் இன்ட் தொடங்க வேண்டியிருப்பதால் அதற்கு முன்னால் 3 பைட் காலி. அரேயில் அடுத்து வரும் ஸ்ட்ரக்ட்டும் சரியான இடத்தில் தொடங்க வேண்டுமே, அதற்காகக் கடைசியிலும் 3 காலி. இன்ட்டை முன்னால் கொண்டுவந்தால் மொத்தம் 8 பைட்டில் முடிந்துவிடும். மெமரி மலிந்த காலத்தில் இந்தக் கணக்கு எதற்கு என்பார்கள். ரேம் மலிவுதான், கேஷ் மலிவில்லை. பல பிராசசர்களில் கேஷ் வரி 64 பைட்; அதில் 8 பைட் ஸ்ட்ரக்ட் எட்டு அடங்கும், 12 பைட் ஸ்ட்ரக்ட் முழுதாக ஐந்துதான் அடங்கும். ரஸ்ட் கம்பைலர் வரிசையைத் தானே மாற்றிக்கொள்கிறதே, சியும் செய்யலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. சி தரநிலை அதை அனுமதிப்பதில்லை. அதுவே சரி என்பேன். தனித்தனியாக கம்பைல் ஆன கோப்புகளும், கெர்னலும், ஹார்டுவேர் ரெஜிஸ்டர்களும் ஒரே அமைப்பை நம்பி இயங்குகின்றன. ஒரு பக்கம் மட்டும் சத்தமில்லாமல் வரிசை மாறினால் எல்லாம் குளறுபடி. பேக்டு என்று குறித்துக் காலியிடத்தை ஒழிக்கலாம்தான். ஆனால் அப்படி இடம் தவறிய இன்ட்டைப் பாயின்டர் வழியாகத் தொட்டால் சில பிராசசர்களில் நிரலே நின்றுபோகும்.

காலி பைட்களில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் இரண்டு ஸ்ட்ரக்ட்களை மெம்கம்ப் கொண்டு ஒப்பிடுவது ஆபத்து: உறுப்புகள் எல்லாம் சமமாக இருந்தும் வேறு என்று விடை வரலாம். ஸ்ட்ரக்ட்டை அப்படியே நெட்வொர்க்கில் அனுப்பினால் மெமரியில் முன்பு கிடந்த ரகசியம் அந்த இடுக்கில் ஒட்டிக்கொண்டு வெளியே போகலாம்.

தொடர்புடைய உறுப்புகள் அருகருகே இருந்தால்தான் படிக்க எளிது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. நிரல் முழுவதிலும் ஒரே ஒரு முறை உருவாகும் செட்டிங்ஸ் ஸ்ட்ரக்ட்டில் பைட் எண்ணுவது வீண்வேலை. அங்கே படிப்பவர் வசதிதான் முக்கியம். அரேயில் லட்சக்கணக்கில் வரப்போகும் ஸ்ட்ரக்ட் அப்படியல்ல. அதை பஹோல் கருவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த உறுப்புக்குப் பின் எத்தனை பைட் ஓட்டை என்று அது காட்டிவிடும். வரிசையை மாற்றுவதற்கு முன், தொடக்க மதிப்புகளை சி99 தந்த முறையில், உறுப்பின் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.