பதில் வராத மின்னஞ்சல்கள்

2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் தங்கள் கட்டுரையைத் துறை வல்லுநர் சிலருக்கு மின்னஞ்சலில் அனுப்பினர். ஓர் எண் பகா எண்தானா என்பதைப் பல்லுறுப்புக்கோவை நேரத்துக்குள் ஐயமறக் கண்டறியும் வழிமுறை அது. கணிதவியலாளர்கள் நெடுங்காலம் தேடியது. அமெரிக்காவில் அதைப் பெற்ற கார்ல் பொமரன்ஸ் உடனே சரிபார்த்து, மறுநாளே அதைப் பற்றி உரையாற்றினார். 8ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்துவிட்டது. கட்டுரை ஆய்விதழில் அச்சேறியதோ 2004இல்.

சென்னைத் துறைமுக எழுத்தராயிருந்த ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதினார். ஹார்டியின் மறுமொழி பிப்ரவரி 8ஆம் தேதியிட்டது. கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு முன்னரே எழுதியவற்றால் அவருக்குப் பயன் ஏதும் விளையவில்லை. கப்பலில் கழிந்த நாட்களை மின்னஞ்சல் மிச்சப்படுத்தியிருக்கிறது, ஐயமில்லை. முன்பின் அறியாதவரின் கடிதத்தைப் பொருட்படுத்திப் படிக்கும் மனம் மட்டும் அன்றுபோலவே இன்றும் அரிது.

இன்றைய ஆய்வு மாணவரின் அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பணம் பறிக்கும் போலி ஆய்விதழ்கள் அவரை 'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என விளிக்கின்றன. அவருடைய நெறியாளருக்கோ மூன்று மாதங்களுக்கு முன் அனுப்பிய இயல் எட்டவேயில்லை போலும்! நினைவூட்டல் எழுதினால் பணிவின்மை ஆகிவிடுமோ என்று அஞ்சி, 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி நான்கு முறை திருத்தி எழுதி, இறுதியில் அனுப்பாமலே வைத்துவிடுகிறார்.

பதில் வராமைக்கு வேலைப்பளு ஒரு காரணம். ஒரு நாளில் குவியும் சுற்றறிக்கைகளைப் பார்த்தால் பேராசிரியர்கள்மீதும் இரக்கம் பிறக்கும். ஆனால் எழுத்தில் கேட்ட வினாவுக்கு 'நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்' என்ற விடை மட்டுமே திரும்பத் திரும்ப வருமாயின், காரணம் பணிச்சுமை அன்று. உதவித்தொகைச் சான்றில் எப்போது கையெழுத்தாகும், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பவையெல்லாம் அறைக்குள் வாய்மொழியாகவே முடிவாகின்றன. பின்னர் வாய்மொழியாகவே மாற்றவும் படுகின்றன.

விவரமறிந்த மாணவர் சிலர் அறையை விட்டு வெளியே வந்ததும் இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள்: 'இன்று தாங்கள் கூறியவாறு, இரண்டாம் இயலை 15ஆம் தேதிக்குள் திருத்தித் தருகிறேன். நன்றி.' அதற்கும் பதில் வருவதில்லை. அனுப்பிய நாளும் நேரமும் அதில் இருக்கின்றன.