ஆறாம் நம்பர் பந்து

2018 பிப்ரவரி 7, காலை. மண்ணூர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மொபைலில் நியூயார்க் நிக்ஸ் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸ் எதிராளியின் தலைக்கு மேலே எழும்பி பந்தைக் கூடைக்குள் இறக்கிவிட்டுத் தரைக்கு வந்தார். இடது முழங்கால் மடிந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

அக்கா அப்போதுதான் சி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். நைட் ஷிப்ட் வாரங்களில் அவள் மகள் அம்மாவிடம்தான் தூங்குவாள். காலையில் வந்து எழுப்பிக் கூட்டிப்போவாள்.

"யாருக்கு என்னடா?"

"போர்ஜிங்கிஸ்க்கா. முட்டி போச்சு. லாட்வியா பிளேயர். ஏழடி மூணங்குலம்."

எட்டிப் பார்த்தாள். "லேண்டிங் தப்பு," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போனாள். அவள் படி ஏறும் விதம் அது என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

போர்ஜிங்கிஸைப் பற்றி என்னிடம் கேளுங்கள். லியபாயா என்ற கடலோர ஊர். பதினைந்து வயதில் ஸ்பெயினின் செவில்லாவுக்குப் போனார். 2015 டிராஃப்ட்டில் நான்காவது ஆள். அறிவித்த கணமே நிக்ஸ் ரசிகர்கள் கூச்சலிட்டார்கள், ஒரு பையன் அழுதேவிட்டான். அதே இரவில் 52-வது ஆளாக நம் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டல்லாஸ் எடுத்தது. பின்னர் போர்ஜிங்கிஸும் டல்லாஸ் போனார். கிழிந்த தசைநார் ஆறி, இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இருக்கும்போதே 2019-ல் ஐந்து வருடத்துக்கு 15.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2024-ல் பாஸ்டனோடு கோப்பை. இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டிலிருந்து வந்த ஒருவனின் முட்டிக்கு அவ்வளவு காத்திருப்பு.

அக்காவின் முட்டி எந்த வருடம் போனது என்று எனக்குத் தெரியாது.

அவள் பள்ளி டீமின் பாயிண்ட் கார்டு. சிமெண்ட் தரை, வலையில்லாத வளையம். அவளுடைய நோட்டு அட்டையின் உள்பக்கம் பேப்பரில் வந்த ஒரு படம் ஒட்டியிருக்கும்: அனிதா பால்துரை. சென்னைப் பெண். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்கு கேப்டன் ஆனவர். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்கள். எனக்கு அப்போது அந்தப் படம் வெறும் படம். கிரிக்கெட் பைத்தியம் எனக்கு.

இந்தியாவில் கூடைப்பந்து வாழ்க்கை என்றால் லீக் ஒப்பந்தம் இல்லை, வேலை. ரயில்வே அல்லது பேங்க். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே போனால் மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம், வயதானபின் பென்ஷன். அனிதாவும் தெற்கு ரயில்வே ஊழியர்தான். அந்தக் கதவு திறக்காவிட்டால் பள்ளியோடு ஆட்டம் முடிந்தது.

அக்காவுக்கு அந்தக் கதவு ஒரு முறை லேசாகத் திறந்தது. 2006, அவள் பிளஸ் டூ. சென்னையில் செலக்‌ஷன் டிரையல் என்று பி.டி. மாஸ்டர் சொல்லியனுப்பினார். அப்பா தனியாக அனுப்பமாட்டார். "தம்பி கூடப் போனா போய்ட்டு வா" என்றார். எனக்குப் பதினைந்து வயது. மேத்ஸ் டியூஷன் இருக்கிறது என்று சொன்னேன். டியூஷன் இல்லை. டி.வி.யில் மேட்ச் இருந்தது.

அவள் போகவில்லை. டிப்ளமோ, கல்யாணம், குழந்தை, பிறகு ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் லைனில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. நான் இன்ஜினியரிங் படித்து, இரவில் சர்வர் அப்டேட் ஓடும்போது என்.பி.ஏ. பார்ப்பவன் ஆனேன்.

2021-ல் அனிதாவுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது செய்தியை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மறுநாள் நேரில் வந்தாள்.

"புள்ள பெத்துட்டு திரும்பி வந்து ஆடினாங்கடா. பெங்களூர்ல, 2017. ஃபைனல்ல கஜகஸ்தான். 75-73."

ஸ்கோர்வரை தெரிந்திருந்தது. நான் நோட்டு அட்டையை ஞாபகப்படுத்தினேன். அப்படியே டியூஷன் விஷயத்தையும் சொல்லிவிட்டேன், பதினைந்து வருடம் கழித்து.

"டியூஷன் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள். "உள்ள கமெண்ட்ரி கேட்டுச்சே."

"அப்புறம் ஏன்க்கா அப்பாகிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்ன அடிச்சிருப்பாரு. அதுக்கப்புறம் நான் எப்படி உன்கூட பஸ்ல போறது?" கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுடா. செலக்ட் ஆகலன்னா என்ன பண்றதுன்னு," என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, உண்மையா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

மறுவாரம் சென்னையிலிருந்து ஒரு பந்து வாங்கிப்போனேன். அக்கா மகள் குதித்தாள். அக்கா கையில் வாங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ஏழாம் நம்பர்டா, ஆம்பளைங்க சைஸ். பொண்ணுங்களுக்கு ஆறு. பில்லு வச்சிருக்கியா?"